தேநீரில் அலசிய பேணி

1

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதிலிருந்து ஊர்ப் பத்திரிகை இங்கே இரண்டு மாதம் பிந்தித்தான் வந்து சேருகிறது. பத்திரிகை ஆசிரியரின் கடிதம் மட்டும் எப்படியோ நேரத்துக்கு வந்துவிட்டது. மலாயாவில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறீரே, சீனரின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ருசிகரமாக நாலு பக்கம் எழுதி அனுப்பும், தவளையும் பாம்பும் தின்கிறார்களாமே, வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தார்.

எழுதுகிறேன். சிரிப்பதும் விடுவதும் உங்கள் பாடு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போ ரயில்வேக் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, புதுப் பட்டணத்தில் கன்டன் சீனர் நடத்தும் தேநீர்க் கடைக்குப் போனேன். வட்ட மேசை, சலவைக்கல் பலகை, தலைக்கு மேலே குருவிக் கூடுகள். கிழவர்கள் தாங்கள் வளர்க்கும் குருவியையும் காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருவார்கள். கழுத்தில் தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளை விலை கூறி வருவார்கள். கெண்டியில் தேநீர் முடிந்தால் மூடியைத் திறந்து வைத்தால் போதும். கேட்காமலே கொதிதண்ணீர் வார்ப்பார்கள்.

அன்றோடு என் நண்பர் வேலாயுதம் செத்து ஒரு வருஷம். ஆட்டைத் திவசம் செய்ய அவருக்கு இங்கே ஒருவருமில்லை. நான் செய்யலாமா என்று கோயில் ஐயரைக் கேட்டேன். நீங்கள் என்ன முறை என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு எதிரே கதிரை வெறுமையாக இருந்தது. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு கிழவன், காலில் சேறு காயாமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதிலே வந்து இருந்தான். அந்தக் கடைகளில் அது வழக்கம். வெறுமையான கதிரை யாருக்கும் பொது. எங்கள் ஊரிலோ ஒருவன் நம் பக்கத்தில் குந்துவதற்குள் அவனுடைய குறிச்சி, கோயில், பாட்டன் பேர் எல்லாம் விசாரித்து முடிந்திருக்கும். கிழவன் கெண்டியிலிருந்து கொதிக்கும் தேநீரைத் தன் கோப்பையில் கொஞ்சம் வார்த்தான்; சுழற்றினான்; அலசிய தண்ணீரை நடுவில் இருந்த பாத்திரத்தில் ஊற்றினான். பிறகு சாப்பிடத் தொடங்கினான். நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன்.

2

பதினாலு வருஷத்துக்கு முன் நான் ரயில்வேயில் ரிலீவிங் வேலை பார்த்தேன். எந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் லீவில் போனாலும் அவர் கதிரையில் போய் இருக்க வேண்டும். இன்றைக்கு தாப்பா ரோட், நாளைக்கு கம்பார். மனைவி கட்டித் தரும் சோறு இந்த வெக்கையில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். நான் சைவம். ஸ்டேஷன் சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன். இப்படியே காய்ந்து கிடந்த ஒரு நாள், மழையில் பாதை உடைந்து ரயில் கம்பாரில் நின்றுவிட்டது. அந்த ரயிலின் கார்ட் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா பசியோடை இருக்கிறியள் போலை. முன்னுக்குச் சீனன் கடை இருக்கு. மரக்கறி போட்டுத் தரச் சொல்லலாம், வாங்கோவன்."

யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எந்த ஊர் என்று கேட்டேன்.

"முதலே சொல்லிப்போடுறன் ஐயா, பிறகு குறை சொல்லக் கூடாது. உங்களை எனக்குத் தெரியும். நான் நீர்வேலி. உங்கடை வாழைத் தோட்டத்திலை நிக்கிற கந்தன்ரை மோன். அங்கை வேலன். இஞ்சை ரயில்வேப் புத்தகத்திலை வேலாயுதம்."

கந்தனை எனக்குத் தெரியும். கோப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி தொடாத மனிதர். மகனை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்காக என் அண்ணை அவரைப் படலையில் நிறுத்தி ஏசியது எனக்கு ஞாபகம் இருந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அந்தப் பத்தில் குலமும் ஒன்று. பசி ஆறியதும் முதலில் திரும்பி வருவதும் அதுதான். இதைப் பின்னால் அறிந்துகொண்டேன்.

போனோம். கடைக்காரன் இரண்டு கோப்பை, கிண்ணம், குச்சிகள், ஒரு கெண்டி கொதிக்கும் தேநீர், ஒரு வெறும் பாத்திரம் எல்லாவற்றையும் மேசையில் தட்டி வைத்துவிட்டுப் போனான். வேலாயுதம் என் கோப்பையில் தேநீரை வார்த்து, "அலசுங்கோ ஐயா" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாழ்ப்பாணப் பட்டணத்துத் தேத்தண்ணிக் கடைகளை நீங்கள் அறிவீர்கள். சிலருக்கு வெளியே வாங்குப் பலகை, தனித் தகரப் பேணி. குடித்து முடித்ததும் அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த ஆட்களின் வரிசையில் இந்தச் சீனன் என்னையும் சேர்த்துவிட்டான் என்று எண்ணினேன். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "நான் ஆரெண்டு நினைச்சுக்கொண்டு என்னைக் கழுவச் சொல்லுறாய்?" என்று கடைக்காரனைத் தமிழில் ஏசினேன். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

வேலாயுதம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இருங்கோ ஐயா, இருங்கோ. ஒருக்காச் சுத்திப் பாருங்கோ. அந்தா, சுரங்கத்துத் தவுக்கே, மோட்டார்க் காரிலை வந்த மனிசன். அவரும்தான் அலசுறார்."

பார்த்தேன். பட்டுச் சட்டை போட்ட முதலாளி அலசினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ரிக்‌ஷாக்காரன் அலசினான்.

"இஞ்சை எல்லாரும் தங்கடை கோப்பையைத் தாங்களே அலசுவினம். ஆக்களிலை அருவருப்பில்லை ஐயா, கோப்பையிலைதான். எனக்கு ஊரிலை கழுவிக் கழுவிப் பழக்கம். நீங்கள் இண்டைக்குத்தான் துவங்கிறியள்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு அப்போது சுடவில்லை. சூடான மீ, சீனரின் வறுத்த இடியப்பம், வந்துவிட்டது. இறைச்சி போடாதே என்றால் அவர்கள் போட மாட்டார்கள், ஆனால் வறுப்பது பன்றிக் கொழுப்பில். இதை ஒரு மாதம் கழித்து அறிந்தேன். அறிந்த பிறகும் சாப்பிட்டேன். ஊரில் என்னைச் சைவப் பழம் என்று சொல்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

3

பிறகு பத்து வருஷத்துக்குக் கிட்ட, எங்கள் இரண்டு பேருக்கும் ஓய்வு ஒரே நாளில் விழுந்தால் ஒரே மேசைதான். ஈப்போ, கம்பார், கோலாலம்பூர் என்று நாங்கள் இருந்து சாப்பிடாத கன்டன் கடை குறைவு. ஐயா என்றவர் ஒரு நாள் தானாகவே அண்ணை என்றார். நான் அவரை நீர் என்று கதைத்தேன். ரயில்வேத் தாள்களில் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு பேரும் அதில் சிலோன் தமிழர் என்று எழுதினோம். வெள்ளைக்காரனுக்கு அதற்கு மேல் பிரிக்கத் தெரியவில்லை. அவனுடைய அறியாமையில் நான் பத்து வருஷம் மனிதனாக இருந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

என் மகள் கமலம் இங்கே பிறந்தவள். தமிழில் கடிதம் எழுதச் சொன்னால் அழுவாள். கன்டன் பேச்சில் கடைக்காரப் பெண்களோடு சண்டை பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் வருவாள். வேலாயுதத்தைச் சித்தப்பா என்றுதான் அழைத்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல, திருத்தவும் இல்லை. எந்தக் கூடையில் இறைச்சி, எந்தக் கூடையில் கீரை என்று அவள் கேட்டுச் சொல்லுவாள். சித்தப்பாவின் கோப்பையை அலசிக் கொடுப்பதும் அவள்தான்.

ஆறு மாத லீவுக்கு நாங்கள் இரண்டு பேரும் விண்ணப்பித்தது ஒரே வருஷத்தில். அதற்கு மூன்று பிரதித் தாள், வைத்தியரின் கையெழுத்து, பாஸ்போட்டுக்குப் படம், படத்துக்குப் பின்னால் யாராவது உத்தியோகத்தரின் சாட்சி. அவர் படத்துக்கு நான் சாட்சி வைத்தேன், என்னுடையதற்கு அவர். இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதி ஒப்பமிட்டேன்.

தாள்களைக் கொடுத்துவிட்டு வந்த ஞாயிறன்று அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, ஊருக்குப் போனால் உங்கடை வீட்டிலை ஒரு நேரம் நான் இருந்து சாப்பிட வேணும்."

"அதுக்கென்ன, வாருமன்."

"பகிடிக்குக் கேக்கேல்லை. அப்பர் உங்கடை வீட்டுக் கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் இலை வெட்டினவர். எத்தினை ஆயிரம் இலை. ஒண்டிலையும் அவர் இருந்து சாப்பிட்டதில்லை. அவர் வரமாட்டார், பயந்த மனிசன். நான் சாப்பிட்டிட்டுப் போய் அவருக்குச் சொல்ல வேணும்."

"ஓம். என்ரை பக்கத்திலை இலை போட்டுச் சாப்பிடுவீர். நான் சொல்லுறன்."

சொன்னது கோயிலில் அல்ல, பன்றிக் கொழுப்பு மணக்கும் கடையில். சொன்னது சொன்னதுதான்.

4

அந்த லீவில் எனக்கு ஊரில் ஒரு காரியம் இருந்தது. கமலத்துக்குப் பதினேழு வயது. என் அண்ணை கோப்பாயிலேயே ஒரு சம்பந்தம் பார்த்து வைத்திருந்தார். அவர்கள் பெரிய ஆசாரக்காரர். மலாயாப் பெட்டை என்று யோசித்தார்கள். அங்கே கண்ட கடையிலும் சாப்பிட்டிருப்பார்களோ என்று கேட்டு அனுப்பினார்கள். வீட்டுச் சமையலைத் தவிர வேறொன்றும் தொட்டதில்லை என்று நான் வாய் கூசாமல் பதில் அனுப்பினேன்.

வேலாயுதத்துக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. சம்பந்தம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளினேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தானாகவே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு கட்டுத் தலைவாழை இலை. அன்று அந்த இலை வெட்டியது கூலிக்கல்ல. விருந்துக்கு வருகிறவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்று கந்தன் விடிய எழும்பிப் பார்த்துப் பார்த்து வெட்டிய இலைகள்.

முற்றத்தில் நின்ற அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"ஆர், வேலனே? கப்பலாலை வந்திட்டியாம் எண்டு கேள்விப்பட்டன். இலை கொண்டந்தனியோ? உதிலை வை. சட்டையைக் கழட்டிப்போட்டு வரத் தெரியாதே உனக்கு?"

நான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். எழும்பியிருக்க வேண்டும். வாரும் வேலாயுதம், உள்ளுக்கு வாரும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் இலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை மெல்ல ஆட்டினேன். அது வாரும் என்றும் இல்லை, போம் என்றும் இல்லை.

அண்ணைக்கு அன்று நல்ல மனம். மலாயாவிலிருந்து வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். வேலிக்கரையில் கவிழ்த்திருந்த தகரப் பேணியைக் காட்ட, வேலாயுதம் அதை எடுத்து நீட்டினார். குசினியிலிருந்து வந்த வேலைக்காரி உயரத்தில் நின்று வார்த்தாள். அவர் முற்றத்து மண்ணில் குந்தியிருந்தார். என்ன நினைத்துக்கொண்டிருந்தாரோ, பத்து வருஷப் பழக்கம் கையில் வந்துவிட்டது. தேநீரைப் பேணிக்குள் சுழற்றினார். அலசினார். மண்ணில் ஊற்றினார். இன்னும் கொஞ்சம் வார்க்கச் சொல்லிப் பேணியை நீட்டினார்.

"டேய், என்ன செய்தனி?" அண்ணை கத்தினார். "எங்கடை தேத்தண்ணியை எங்கடை முத்தத்திலை ஊத்திறியோ? எங்கடை பேணி உனக்கு ஊத்தையோ? உன்ரை கொப்பன் இதிலைதானேடா குடிச்சு வளந்தவன்."

வேலாயுதம் நீட்டிய பேணியை இறக்கினார். திரும்பி என்னைத்தான் பார்த்தார். அந்த முற்றத்தில் அதை விளங்கப்படுத்தக் கூடியவன் நான் ஒருவன். கம்பாரில் நான் எழும்பி நின்று ஏசியபோது என்னை இருத்தி, சுற்றிப் பார்க்கச் சொல்லி, என் மானத்தைக் காத்தவர் அவர். அதே வார்த்தையை அவருக்காக நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால், நீ எங்கே கண்டாய் என்று அண்ணை கேட்பார். நான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற கமலம் சொன்னாள்:

"பெரியப்பா, அது ஊத்தை எண்டு இல்லை. அங்கை சீனன் கடையிலை எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. அப்பாவும் செய்யிறவர். சித்தப்பாவும் நாங்களும் ஒரு மேசையிலைதானே சாப்பிடுறனாங்கள்."

"ஆர் சித்தப்பா?" என்றார் அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பிள்ளை என்ன சொல்லுறாள்?"

"அவளுக்கென்ன தெரியும்," என்றேன். "ஸ்டேஷனிலை நிக்கிற ஆக்கள் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவாள். நான் சீனன் கடைப் படி மிதிச்சதில்லை."

வேலாயுதம் எழுந்தார். பேணியைப் பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தார். "குருத்து இலை, பாத்துப் பிரியுங்கோ, கிழிஞ்சு போம்" என்று வேலைக்காரியிடம் சொன்னார். பிறகு அண்ணைக்கு, "நான் வாறன், நயினார்" என்றார். தோட்டத்தில் நிற்பவர்கள் காணிக்காரரை அழைக்கும் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று நாங்கள் அந்த இலைகளில்தான் சாப்பிட்டோம். கந்தன் வெட்டின இலையில் ஒரு கிழிசல் இராது என்று அண்ணை மெச்சினார். நான் பாயாசம் வரை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். கமலம் தன் இலையை விரிக்கவே இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அவள் அடுத்த கிழமை தானே பதில் சொன்னாள். ஆறு சீனன் கடைகளின் பெயரையும் ஒன்றொன்றாகச் சொன்னாளாம். அதோடு அந்தக் காரியம் முடிந்தது. யாருக்காக வாயை மூடினேனோ அவளே அதை வேண்டாம் என்றாள்.

5

திரும்பி வந்த பிறகு ஈப்போ ஸ்டேஷன் மேடையில் அவரைக் கண்டேன். கையில் பச்சைக் கொடி. ஞாயிற்றுக்கிழமை வாருமன் என்றேன்.

"டியூட்டி இருக்கு, நயினார்."

கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து, மரியாதையாகச் சொன்னார். பிறகு மூன்று வருஷம் எத்தனை தரம் கண்டாலும் அந்த மரியாதை குறையவில்லை. அவர் ஏசியிருந்தால் ஆறியிருப்பேன், ஏசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்துக்கொண்டு வாழ்வதற்கும் மனிதன் பழகிவிடுகிறான்.

போன வருஷம் தைப்பிங் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. காய்ச்சலில் போய்விட்டார். பிரேதத்தை எடுக்க அவருடைய இனத்தவர் ஒருவர் ஒப்பமிட வேண்டுமாம். பழைய பாஸ்போட்டுத் தாளில், இவரை நன்றாகத் தெரியும் என்று எழுதியிருந்தவன் நான். அதனால் என்னைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அங்கே தந்த தாளில் இனம் என்ற கட்டத்தை நிரப்பிவிட்டேன். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கிளார்க் ஒரு மலாய்க்காரர். தம்பியா, மச்சானா என்று பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஊரவர் என்று எழுதினேன். இறந்துபோன மனிதனுக்குக்கூட ஒரு சொல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கந்தன் இன்னும் இருக்கிறார். தோட்டத்தில் இலை வெட்டுகிறார் என்று கேள்வி. மகன் எங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டானா என்று அவர் அன்று கேட்டிருப்பார். வேலாயுதம் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

6

கமலம் இப்போது பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை பார்க்கிறாள். கலியாணப் பேச்சு எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். சென்ற ஞாயிறு, நான் கடையில் சாப்பிட முடியாமல் திரும்பி வந்தபோது, அவள் வந்திருந்தாள்.

என் மனைவி சோறு போட்டாள். கமலம் சுடுதண்ணீர் கேட்டாள். தன் டம்ளரில் வார்த்துச் சுழற்றி, அலசி, முற்றத்தில் ஊற்றினாள். நாலு வருஷமாக என் வீட்டில் அவள் அப்படி அலசாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

"கழுவித்தானே வச்சிருக்கு. ஏன் பிள்ளை, எங்கடை வீடு உனக்கு ஊத்தையோ?" என்று தாய் அன்றுதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"அப்பாவைக் கேளுங்கோ," என்றாள் கமலம். "அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றும் நான் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

ஆகையால் ஆசிரியர் கேட்ட நாலு பக்கத்தை இப்படி நிரப்பியிருக்கிறேன். பத்திரிகை கோப்பாய்க்கும் போகும். அண்ணை விறாந்தையில் இருந்து ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். அன்று முற்றத்தில் அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அண்ணை, அங்கை எல்லாரும் அப்பிடித்தான் அலசுறது. நானும் அலசுறனான். அவரோடை ஒரே மேசையிலை இருந்து, பத்து வருஷம்.